எல்லாம் ஒரிஜினல்

காரின் கண்ணாடியில் வெள்ளையாய் ஒரு வட்டம் படிந்திருந்தது, சிறிய தட்டளவுக்கு.

ஜெஸி முதலில் அதை மழையின் வேலை என்றுதான் நினைத்தாள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை மூன்று நாளாய் ஓயாமல் பெய்து ஷெட்டின் தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் பிரேக் ஆயிலின் நெடியும் ஈரக்காற்றில் கலந்து மூக்கை அடைத்தன. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். வட்டம் போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். அப்போதும் இருந்தது. ஈரம் உள்பக்கத்தில் இருந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை, கதவுகள் பூட்டியிருந்தன, சாவி வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் வாய் எங்கே வருமோ அந்த உயரத்தில் இருந்த அந்த வட்டம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கியது. பிறகு மறுபடியும் விரிந்தது.

அவள் தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போய், மரச்சீனிக் கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்தாள். பயம் வந்தால் அவளுக்கு அடுப்படிதான் துணை.

கண்ணாடி அன்று காலையில்தான் பொருத்தியது. ஜப்பானிலிருந்து, சுற்றியுள்ள ரப்பர் பட்டையோடு சேர்த்து, நான்கு மாதம் காத்திருந்து வந்தது. சுவாமிதாஸ் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஏந்திக்கொண்டு வருகிறாரோ என்று தோன்றும். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த எண்ணை நான்கு தடவை சரிபார்த்தார். தொட்டுப் பார்க்க வந்த ஜெஸியை முறைத்தார்.

மனுஷன் ஆதியிலிருந்தே அப்படித்தான். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பி, உதியன்குளங்கரைப் பக்கம் வீட்டைக் கட்டி முடித்த கையோடு, நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த எண்பத்தாறாம் வருடத்து ஜப்பான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உயரம், சிவப்பு நிறம். ஸ்விட்சைத் தட்டினால் முன்விளக்குகள் இரண்டும் மூடி திறந்து எழும்பி வரும். மற்றவர்கள் கல்ஃப் பணத்தில் கடைமுறி கட்டி வாடகைக்கு விட்டார்கள், எங்கள் வீட்டில் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஜெஸி சபையில் கேலியாகச் சொல்வாள். சொன்னாலும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரே மகள் ஜெஸ்னாவுக்கு அந்த வண்டிமேல் கொள்ளை ஆசை. அப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஷெட்டிலேயே சாப்பிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே மழைக்காலத்தில், வெள்ளறடையிலிருந்து திரும்பும் வழியில் ரப்பர் தோட்டத்து வளைவில் அந்த வண்டி நிற்காமல் சரிவில் இறங்கியது. ஓட்டியவள் ஜெஸ்னா. இருபத்தாறு வயது. வீட்டில் ஆறேமுக்காலுக்குக் குடும்ப ஜெபம், யார் எங்கே இருந்தாலும் அதற்குள் வந்துசேர வேண்டும் என்பது ஜெஸி போட்ட சட்டம். அந்த நேரத்தைப் பிடிக்கத்தான் பிள்ளை ஓடிவந்தாள்.

தேடிப்போனவர் சுவாமிதாஸ். திரும்பி வந்து ஜெஸியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "உடனே போயிட்டா. ஒண்ணும் அறிஞ்சிருக்கமாட்டா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெஸி இரண்டு வருடம் சோறு தின்றாள், உறங்கினாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்ல எழுந்தபோதும் அதையே சொன்னாள்: என் பிள்ளை வேதனை அறியாமல் போனாள், கர்த்தர் அந்த ஒரு இரக்கத்தைச் செய்தார். அதுவும் இல்லையென்றால் அவளுக்கு எதுவுமே இல்லை.

நசுங்கிய வண்டியைப் பொளித்துப் பாகம் பாகமாய் விற்கும் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். சுவாமிதாஸ் கேட்கவில்லை. லாரியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். "இந்த வண்டியில உள்ளது இதுல கேறும். இல்லேண்ணா ஜப்பான்ல இருந்து வாறது கேறும். வேற ஒரு நட்டு கேறாது," என்றார். சீட்டுத் துணியைக் கழற்றி, விடியுமுன் கிணற்றடியில் அவரே துவைத்தார். முதல் வாளித் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஓடியதை ஜெஸி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தகடு தட்டி நிமிர்த்த தனுவச்சபுரத்திலிருந்து ரதீஷ் வந்துகொண்டிருந்தான். நல்ல வேலைக்காரன், சிரிப்புக்காரன். ஸ்டியரிங் மாட்டிய மூன்றாம் நாள் அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"சேச்சி, நான் இனி வரல்ல. அண்ணாச்சிக்கிட்ட நீங்க சொல்லணும்."

"என்ன ரதீஷே, கூலி பத்தல்லியா?"

"கூலி இல்ல சேச்சி. செத்தவங்க வண்டி எத்தனையோ தட்டியிருக்கேன், எனக்கு அதுல பயமில்ல. இதுல சாயங்காலமானா ஸ்டியரிங்கு சூடாயிருக்கு. ஒரு ஆளு இறுக்கிப் பிடிச்சிட்டு இப்பதான் விட்டது போல."

"வெயிலாயிருக்கும்."

"ஷெட்டுக்குள்ள ஏது சேச்சி வெயிலு?"

அவன் ஸ்பேனர் பையைக்கூட எடுக்காமல் போனான். அதன்பிறகுதான் ஜெஸியும் காது கொடுக்கத் தொடங்கினாள். சீட்டை இறுக்கிய வாரம், அந்தி மயங்கும் நேரத்தில் ஸ்பிரிங் அமுங்கும் சத்தம் அடுக்களை வரை கேட்டது, அசதியாய் வந்த ஒருவர் தொப்பென்று உட்காருவதுபோல. பெல்ட் மாட்டிய வாரம், கொக்கி விழும் சத்தம். தினமும் ஒரே நேரம், ஆறரை. எலி என்றாள். மழை என்றாள். இப்போது கண்ணாடி வந்திருக்கிறது, கண்ணாடியில் மூச்சு வந்திருக்கிறது.

அன்று ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது கரண்டு இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெஸி சங்கீதம் வாசித்தாள். சுவாமிதாஸ் கண்களை மூடவே இல்லை. தலையை ஒருக்களித்து, வெளியே எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆமென் சொல்லுமுன் எழுந்து போய்விட்டார்.

அவளும் பின்னாலேயே போனாள். மழை முதுகில் விழுந்தது. ஷெட்டுக்குள் இருட்டு. வண்டியின் கதவோரம் சுவாமிதாஸ் குந்தியிருந்தார், கண்ணாடியில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு. பேசிக்கொண்டிருந்தார்.

"வாறாங்க மக்கா. ஃபயர்ஃபோர்ஸ் வந்தாச்சு, மேல ரோட்டுல நிக்கியானுவ. இன்னும் அஞ்சு நிமிசம். உறங்காத. அப்பாகிட்ட பேசிட்டு இரு."

பிறகு இடைவெளி. ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு இடைவெளி.

"அம்மாவும் வாறா மக்கா. வழியிலதான் வாறா."

ஜெஸி ஷெட்டின் தூணைப் பிடித்துக்கொண்டாள். இந்த வார்த்தைகள் இன்று சொல்பவை அல்ல. ஏற்கனவே ஒரு நாள் சொன்னவை.

"எத்தன நேரம்?" என்றாள்.

அவர் திரும்பவில்லை. "நாப்பது நிமிசம்."

"பேசினாளா?"

"பேசினா. கால் அகப்பட்டுப்போச்சு அப்பா, எடுத்து விடுங்கணு சொன்னா. பெறவு குளிருதுணு சொன்னா. பெறவு உன்னக் கேட்டா. பலவாட்டி கேட்டா." கன்னத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். "உனக்காகவாக்கும் ஜெஸி, நான் பொய் சொன்னது. நீ தாங்கமாட்ட."

அவரை அடிக்க வேண்டும் என்று அவளுக்கு வந்தது. அதைவிட, இத்தனை நாளும் இந்தக் குரலை இவர் ஒருவராகவே வைத்துக்கொண்டிருந்தாரே என்ற பொறாமை வந்தது. அந்தப் பொறாமையை நினைத்து அவளுக்கே அழுகை வந்தது. கண்ணாடியில் தன் காதை வைத்தாள். பேச்சு கேட்கவில்லை. மூச்சு கேட்டது. சின்னச் சின்னதாய், அவசரமாய், ஈரமாய்.

"எல்லாத்துக்கும் நானாக்கும் காரணம்," என்றார் சுவாமிதாஸ். "பிரேக் ஹோஸ் வெடிச்சிருந்தது. ஒரிஜினல் வர மூணு மாசமாவும்ணு சொன்னானுவ. அதுவரைக்கும்ணு வேற வண்டியோட ஹோஸ வெட்டிப் போட்டேன். பிள்ளைட்ட ஓட்டாண்டாம்ணு ஒரு வார்த்த சொல்லல்ல. எனக்க கைவேலைல எனக்கு அவ்வளவு திமிரு. அந்த ஹோஸாக்கும் வளைவில பொட்டிப் போனது."

மழை சற்று ஓய்ந்து, மறுபடியும் பிடித்தது.

"ஒரிஜினல் ஹோஸ் இண்ணைக்கு மத்தியானம் வந்தாச்சு. அது ஒண்ணுதான் பாக்கி. போட்டா நிக்கும். அந்த வளைவில வண்டி நிக்கும் ஜெஸி. பிள்ள நித்தமும் அங்க கிடந்து சாவாண்டாம்."

வண்டியைக் கொளுத்துங்கள் என்று சொல்லத்தான் ஜெஸி வாயைத் திறந்தாள். கொளுத்தினால் உள்ளே இருப்பவளும் எரிவாளே என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"எப்ப போடணும்?" என்றாள்.

மறுநாள் மதியம் வேலையைத் தொடங்கினார்கள். ஆறரைக்கு முன் முடித்துவிடலாம் என்றுதான் கணக்கு. ஆனால் பழைய நட்டு துருப்பிடித்துக் கழற்ற வராமல் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. ஹோஸ் மாட்டி முடிக்கும்போது வெளியே ரப்பர் மரங்கள் கறுத்துவிட்டன. இனி பிரேக் குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தோரம் கிடந்து நட்டைத் திறந்து மூட. ரதீஷ் இருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான்.

"நான் சவுட்டுண்ணா பெடலச் சவுட்டணும். பிடிண்ணா சவுட்டின காலு அங்கயே இருக்கணும். விடுண்ணா எடுக்கணும். அவ்வளவுதான்," என்றார் சுவாமிதாஸ்.

ஜெஸி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தரைக்குள் இறங்கியதுபோல் இருந்தது. துவைத்த துணிக்கும் புது ரப்பருக்கும் அடியில் எங்கோ மகளின் தலைமுடி வாடை. ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"சவுட்டு."

பெடல் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது.

"பிடி."

கீழே நட்டு முனகியது. ஆயில் குப்பிக்குள் சொட்டியது.

"விடு."

ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் பெடல் கொஞ்சம் இறுகியது. காலுக்கடியில் அது உயிர் பெற்று வருவது தெரிந்தது. ஜெஸிக்கு நம்பிக்கை வந்தது. நிற்கும் என்று நினைத்தாள். கர்த்தாவே, நிற்கட்டும்.

"சவுட்டு. பிடி."

பிடித்தாள். கல்போல இருந்தது.

"விடு."

காலை எடுத்தாள்.

பெடல் எழும்பவில்லை.

"விடு ஜெஸி."

"நான் விட்டாச்சு."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது.

பெடல் இன்னும் கீழே போயிற்று. மேலே வந்தது. மறுபடி போயிற்று. வேகமாய். இன்னும் வேகமாய். முழு பலத்தோடு. ஜெஸியின் இரண்டு காலும் சீட்டோடு ஒடுங்கி இருந்தன. கதவு மெதுவாய்ச் சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது. பெல்ட் அவள் மார்பின் குறுக்கே இறுகியது.

பிரேக் பிடித்தது. சக்கரத்தில் இறுக்கிப் பிடித்த சத்தம் கேட்டது. ஒரிஜினல் ஹோஸ் வெடிக்கவில்லை.

ஆனாலும் ஷெட்டில் நின்ற வண்டி சரிவில் இறங்கியது. மேட்டிலிருந்து தூக்கிப் போட்டதுபோல். மரங்கள். மழை. மரங்கள்.

பிறகு எதுவும் அசையவில்லை.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. காலை இழுத்தாள். வரவில்லை. வலித்தது. அவளுக்கு வலித்தது, அவள் கால் அல்லாத ஒன்று வலித்தது. காதோரம், கழுத்தில் மூச்சு படும் நெருக்கத்தில், குரல் வந்தது.

"அப்பா, அம்மா வந்தாளா?"

சுவாமிதாஸ் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் ஆயில். கண்ணாடி தானாய் நான்கு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இடைவெளியோடு முகத்தை ஒட்டி மண்டியிட்டார்.

"வந்தாச்சு மக்கா. உனக்க கூடதான் இருக்கா. உறங்காத."

"இஞ்ச பாருங்க," என்றாள் ஜெஸி. "நானாக்கும். கதவத் திறங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று முன்னால், அவள் மடியில் யாரோ இருப்பதுபோல், அங்கே பார்த்தார். அழுதுகொண்டே கண்ணாடி இடைவெளி வழியாகக் கையை உள்ளே விட்டார். ஒரு கை வந்து அந்தக் கையைப் பற்றியது. மெலிந்த, குளிர்ந்த விரல்கள் அவர் விரல்களுக்கிடையே நுழைந்து இறுகின. அவர் தன் கட்டைவிரலால் அந்தப் புறங்கையை மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெஸி குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.