ஆறு மணி ஷிப்டும் கஸ்பாரின் பல்லும்

எங்கள் தெருவில் என் தம்பி கஸ்பாருக்கு இருந்த மவுசு வேறு யாருக்கும் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். ஐந்து வயதுப் பொடியனுக்கு அவ்வளவு ராஜ உபசாரம் எதற்கு?

எங்கள் வீடு ராயபுரத்தில், ஹார்பர் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, கஸ்பார் கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"இன்னா கஸ்பாரு, ஒரு சிரிப்பு சிரி கண்ணு!"

கஸ்பார் சிரிப்பான். அவன் பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே பெரிய ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். இப்போது மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கோடுதான் தெரியும். சிரித்தால் உதடு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இழுக்கும். அந்தச் சிரிப்புதான் ராசி என்பார்கள் ஹார்பர்காரர்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் அய்யாத்துரை மாமா. நைனாவும் அவரும் ஒரே கூட்டத்தில் மூட்டை இறக்குகிறவர்கள். போன வருஷம் ஒரு நாள் அவர் கஸ்பாருக்குக் கமர்கட் கொடுத்து, கொஞ்சி, சிரிக்க வைத்துவிட்டு லேட்டாகப் போனார். அதற்குள் கிரேன் தூக்கிய கோதுமை மூட்டைகள் கட்டு அறுந்து விழுந்திருந்தன. வழக்கமாக அவர் நிற்கிற அதே இடத்தில்! நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. மாமா அப்படியே திரும்பி ஓடிவந்து கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு அழுதார். அன்றைக்குச் சாயந்தரமே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மிட்டாய் மழைதான். அப்துல் வஹாப் பாய் கடையில் கமர்கட் ஜாடி இரண்டே நாளில் காலியாகிவிடும். எனக்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை. நானும் நன்றாகத்தான் சிரிப்பேன், யார் பார்த்தார்கள்?

ஒரு நாள் காலையில் கஸ்பார் சிரிக்கவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. மிட்டாயைக் கண்டதும் வீல் என்று கத்தினான்.

அய்யாத்துரை மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அருள்நாதா, புள்ளைக்கு இன்னா ஆச்சு பாருய்யா!" என்று நைனாவைப் பிடித்து உலுக்கினார். நைனா வேலைக்குப் போகவில்லை. அம்மா, நைனா, நான், கஸ்பார் நால்வரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பல் டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டிருந்தார். கஸ்பார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். எப்படியோ சமாதானம் சொல்லி அவன் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாக நின்றன. ஒன்று கறுத்தே போயிருந்தது.

"உதடு பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்துல பல் இப்படித்தான் நெருக்கியடிச்சு முளைக்கும். அழுக்கு சுலபமா தங்கிடும்" என்றார். "அதனால மத்த பிள்ளைகளைவிட நல்லா விளக்கணும். நீங்க இங்க விளக்கறதே இல்லையா?"

"அய்யோ, உதட்டுல கையே படக்கூடாதுன்னு சொன்னாங்களே டாக்டரம்மா!" என்றார் அம்மா. "நாங்க தொட்டதே இல்ல. தெருவுல ஒருத்தரையும் தொட வுட்டதில்ல. கீழ்ப்பல்லை மட்டும்தான் விளக்கி வுடுவேன்."

"யார் சொன்னது?"

"தையல் போட்டாங்களே, அப்ப நர்சம்மா சொன்னாங்க."

"எதுவரைக்கும் படக்கூடாதுன்னு சொன்னாங்க?"

அம்மா நைனாவைப் பார்த்தார். நைனா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"தையல் ஆறுற வரைக்கும்..." என்று இழுத்தார் நைனா.

"தையல் ஆறி அஞ்சு வருஷம் ஆகப்போகுது!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. முந்தானையால் வாயை மூடி அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் எங்கள் அம்மாவின் தோளைத் தொட்டார். "அழாதீங்க. சொன்ன பேச்சை இவ்வளவு பத்திரமா காப்பாத்தின அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இப்ப நான் புதுசா ஒண்ணு சொல்றேன், அதையும் இதே மாதிரி காப்பாத்துங்க, போதும்."

கறுத்த பல்லை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இன்னும் மூன்று பற்களில் சொத்தை தொடங்கியிருந்தது.

"பால் பல்லுதானே டாக்டரம்மா? விழுந்து மொளைக்காதா?" என்று கேட்டார் நைனா.

"முளைக்கும். ஆனா அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் புதுப் பல்லுக்கு இதுங்கதான் இடம் பிடிச்சு வைக்கணும். இதையும் இழந்துட்டா பேச்சும் குழறும். ஜூன்ல பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லையா? ஒரு மாசம் பார்க்கலாம். தினம் ரெண்டு வேளை விளக்கணும். மிட்டாய் கூடாது. சொத்தை பெருசாகாம இருந்தா மூணு பல்லும் தப்பிக்கும். இல்லைன்னா எடுக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சின்ன பிரஷை எடுத்தார். கஸ்பார் வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினான்.

"தொடாதே! தையல் பிரிஞ்சிடும்!"

பாவம், பிறந்ததிலிருந்து அதைத்தானே கேட்டு வளர்ந்திருக்கிறான்! அவனை அதட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"டேய், எனக்கு விளக்கி வுடு."

அவனுக்கு ஆச்சரியம். விரலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு என் பல்லைத் தேய்த்தான். பல் என்று நினைத்து மூக்கையும் தேய்த்தான். நான் அவன் விரலைப் பொய்யாகக் கடித்தேன். கஸ்பார் கீச்சென்று சிரித்தான்.

"இப்ப என்னோட முறை. என் மடியில தலையை வச்சுக்கோ. வலிச்சா கையைத் தட்டு, உடனே நிறுத்திடுவேன்."

உதட்டை நூலளவு தூக்கினேன். கையைத் தட்டினான். நிறுத்தினேன். மறுபடி தூக்கினேன். இந்தத் தடவை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, பிரியவே இல்ல!" என்றான்.

அந்தப் பாடு முடிந்தது. ஆனால் பெரிய பாடு மறுநாள் காலையில் வந்தது. ஆறு மணி ஷிப்டு மொத்தமும் மிட்டாயோடு வாசலில் நின்றது!

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது.

"யாரும் மிட்டாய் குடுக்கக்கூடாது! உங்க மிட்டாயால என் தம்பிக்குப் பல்லே போச்சு!"

அய்யாத்துரை மாமா கையிலிருந்த கமர்கட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் கரைந்தது. இவர்கள் என்ன, கெட்டதா நினைத்தார்கள்? என் தம்பியின் உதட்டைப் பார்த்து ஊரெல்லாம் கேலி செய்தபோது, அதை ராசி என்று கொண்டாடியவர்கள் இவர்கள்தானே!

"தெரியாம பூட்ச்சு ஆலிசு" என்றார் மாமா. "ஆனா மிட்டாய் குடுக்காம எப்படி வேலைக்குப் போறது? மேல மூட்டை ஆடிகினு கீது. எனக்கு பயமா கீதும்மா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்தார். நான் யோசித்தேன்.

"மாமா, அன்னைக்கு உங்களைக் காப்பாத்தினது கமர்கட்டா? நீங்க இங்க நின்னதா?"

மாமா தலையைச் சொறிந்தார். "நின்னதுதான்."

"அப்ப தினமும் நில்லுங்க. கஸ்பார் பல் விளக்கி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. முடிச்சதும் அவன் 'ஈ'ன்னு காட்டுவான். பார்த்துட்டுப் போங்க. அதே ராசிதான்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "கரீக்டாத்தான் சொல்லுது பொண்ணு" என்றார் ஒருவர்.

அம்மா பிரஷும் தண்ணீருமாகக் கஸ்பாரை அழைத்து வந்தார். வாட்டசாட்டமான ஆட்கள் அரைவட்டமாக நிற்க, கஸ்பார் பல் விளக்கினான். அவன் விளக்கி முடித்ததும் நான் உதட்டைத் தூக்கி மேல்வரிசையைத் தேய்த்துவிட்டேன்.

"அந்த ஓரத்தை வுட்டுட்டியேம்மா!"

"கொப்புளி ராஜா, நல்லா கொப்புளி!"

"ஈஈஈ!" என்றான் கஸ்பார்.

"ஷோக்கா கீதுடா!" என்று ஒரே கைத்தட்டல். சைரன் ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள்.

இப்படியே தினமும் நடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நைனா விளக்கிவிடுவார். யாராவது பழக்கதோஷத்தில் மிட்டாயை நீட்டினால், அய்யாத்துரை மாமா பாய்ந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வார். "என் யாவாரமே பேஜாராப் போச்சு" என்று புலம்பிய வஹாப் பாய்கூட, கஸ்பாருக்கு மட்டும் வேர்க்கடலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மாதம் முடிந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா ஜெபமாலையை விடவே இல்லை. டாக்டர் கஸ்பாரின் உதட்டைத் தூக்கினார். இந்தத் தடவை அவன் வாயைப் பொத்தவில்லை. டாக்டர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொத்தை பெருசாகலை. ஈறும் ஆறிடுச்சு. மூணு பல்லும் இருக்கட்டும்" என்றார். "யாரு கண்ணா உனக்கு இவ்வளவு சுத்தமா விளக்கி விடுறது?"

"ஆறு மணி ஷிப்டு!" என்றான் கஸ்பார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விவரம் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் அய்யாத்துரை மாமா! கன்னம் பலூன் போல் வீங்கியிருந்தது. பிடுங்கிப் பிடுங்கித் தின்ற மிட்டாய் எல்லாம் வேலையைக் காட்டிவிட்டது.

"கஸ்பாரு பல்லு இன்னா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். தப்பித்தது என்று நைனா சொன்னதும் வலியிலும் சிரித்தார். "அது போதும். நான் வூட்டுக்குப் போறேன். எனக்கு இந்த ஊசி கீசியெல்லாம் ஆவாது."

எழுந்தவரின் கையைக் கஸ்பார் பிடித்துக்கொண்டான். "வா மாமா" என்று டாக்டரிடம் இழுத்துப் போனான். ஆறடி மனிதர் ஆட்டுக்குட்டி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கஸ்பார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி அவர் பக்கத்தில் நின்றான்.

"எனக்கோசரம் நீ தெனமும் நின்ன இல்ல மாமா? ஒனக்கு முடியற வரைக்கும் நான் நிக்கிறேன். வலிச்சா கையைத் தட்டு."

அய்யாத்துரை மாமா வாயைத் திறந்தார்.