மார்க்கோவின் மூலை

கலினா வீட்டுக்கு வெந்நீர்த் தொட்டி வரப்போகிறது என்ற செய்தி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவள் கலினாதான். தொட்டிக்குள் யார் யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "நான், அம்மா, மார்க்கோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

மார்க்கோ அவளுடைய அண்ணன். அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு அவன் அப்பாவோடு கால்கரி நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே பெரிய ஹாக்கி குழு இருக்கிறதாம். எங்கள் ஊரான யார்க்டனிலிருந்து அங்கே போக ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். கோடை விடுமுறைக்கு வருகிறேன் என்றான். வரவில்லை.

வெந்நீர்த் தொட்டி வந்தால் வராமலா போவான்? இதுதான் கலினா போட்ட கணக்கு.

தொட்டியை வாங்கினால் மட்டும் போதாது, அதை உட்கார வைக்க இடம் வேண்டும். அம்மாவும் கலினாவும் பின்பக்கத்துப் புல்லைச் சுருள் சுருளாகச் செதுக்கி எடுத்தார்கள். காங்கிரீட் போடும் வேய்ன் வந்து சல்லியைக் கொட்டி இறுக்கினார். சுற்றிலும் பலகை அடைத்து, கம்பி கட்டினார். ரசமட்டத்தைப் பலகை மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் வேலை கலினாவுக்கு.

"கொஞ்சம் சாய்ஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தண்ணியெல்லாம் உங்கம்மா பக்கம் போயிடும். நீ மட்டும் குளிர்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருப்ப" என்றார் வேய்ன். பிறகு, "நிஜமா சொல்லணும்னா, தண்ணி ரொம்பினா ஒரு பெரிய வண்டியை நிறுத்தின மாதிரி கனம். மட்டம் இல்லன்னா தொட்டி விரிசல் விட்டுடும்" என்றார்.

காங்கிரீட் லாரி சனிக்கிழமை காலையில் வந்தது. லாரிக்காரர் பின்சந்தில் நின்று ஹாரன் அடித்தார்.

வேய்ன் கலினாவைக் கூப்பிட்டார். "ஊத்தி முடிச்சதும் ஓரத்துல உன் கையைப் பதிச்சிடு. எங்க அப்பா வீட்டு வாசல்ல என் கை இன்னும் இருக்கு. இத்துனூண்டு."

கலினாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடிப்போனது.

"மார்க்கோ கையும் வேணுமே. அவன் வர்ற வரைக்கும் காயாம வைக்க முடியாதா?"

"மத்தியானத்துக்குள்ள இறுகிடும் பாப்பா."

"அடுத்த மாசம் ஊத்தலாமே."

"அடுத்த மாசம் தரை உறைஞ்சு போயிடும். அப்புறம் வசந்த காலம்தான்."

கலினா அம்மாவின் போனை வாங்கி மார்க்கோவைக் கூப்பிட்டாள்.

"இப்பவா? பயிற்சிக்குக் கிளம்பிட்டேன், கலி" என்றான் அவன். "எனக்கும் சேர்த்து நீயே கை வச்சிடு."

"உன் கை என்கிட்ட இல்லையே" என்றாள் கலினா.

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுபோனது.

கலினா சல்லி மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அண்ணன் வேண்டும். பேசக்கூட வேண்டாம், எதிரே உட்கார்ந்து அவள் தட்டிலிருந்து பெரோகிக் கொழுக்கட்டையைத் திருடினால் போதும். இந்தக் காங்கிரீட் மேடை இறுகிவிட்டால் அவன் இல்லாத வீடு என்றே அதுவும் இறுகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

கலினா திடீரென்று எழுந்து சமையலறைக்குள் ஓடினாள். எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் வரும் பிளாஸ்டிக் வாளியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அம்மா அதில் பட்டாணி, பட்டன், பழைய ஆணி என்று எதையாவது போட்டு வைப்பாள். கலினா பட்டன்களை மேஜையில் கொட்டிவிட்டு வாளியோடு ஓடிவந்தாள். வாளி நிறையச் சல்லியை அள்ளிப்போட்டு, பலகை அடைப்புக்குள் ஒரு மூலையில் வைத்தாள்.

"இது இருக்கிற இடத்துல காங்கிரீட் வராது இல்ல? அப்புறம் வாளிய எடுத்துட்டா குழி இருக்கும். மார்க்கோ வந்தப்புறம் அதை மட்டும் ஊத்திக்கலாம். தொட்டி இந்த மூலைக்கு வருமா?"

வேய்ன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "வராது. ஒரு அடி தள்ளித்தான் உக்காரும்."

"புது மேடையில குழியா?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு, அவன் எப்ப வருவான்னு எனக்கே தெரியல."

"தெரியாட்டி என்னம்மா? இடம் இருக்கணும்ல?"

அம்மா உள்ளே போய்ச் சமையல் எண்ணெய் எடுத்துவந்து, வாளியின் வெளிப்பக்கம் முழுக்கத் தடவினாள். "இல்லன்னா ஒட்டிக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மேடை நன்றாக அமைந்தது. ஒரு மூலைக்குப் பக்கத்தில் கலினாவின் கை. மூலையில் வட்டமாக ஒரு குழி.

தொட்டி வந்தது. மார்க்கோ வரவில்லை. அக்டோபரில் நன்றி நாள் விடுமுறையன்று அவனுக்கு ஹாக்கி ஆட்டம். குழியில் இலைகள் விழுந்தன. பிறகு பனி விழுந்தது. கலினா தினமும் பள்ளிக்குப் போகும் முன் கையுறையால் அதைச் சுரண்டி வெளியே போடுவாள். சாயங்காலம் மறுபடி நிரம்பியிருக்கும். அம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு மார்க்கோ வந்தான். ஒரு சாண் வளர்ந்திருந்தான், குரல் உடைந்திருந்தது. அவனிடம் என்ன பேசுவதென்றே கலினாவுக்குத் தெரியவில்லை. தொட்டிக்குள் இறங்கியதும் இருவர் தலைமுடியும் உறைந்து விறைத்து நின்றது. அவனைப் பார்த்து இவள் சிரித்தாள், இவளைப் பார்த்து அவன் சிரித்தான். கூச்சம் போய்விட்டது.

"அந்த மூலையில என்ன ஓட்டை? வேய்ன் காசு குறைச்சுக்கிட்டாரா?" என்றான் மார்க்கோ.

"அது ஓட்டை இல்ல. நீ."

கலினா எல்லாவற்றையும் சொன்னாள். மார்க்கோ அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் மட்டும் பனி இல்லை.

"இப்பவே ஊத்தலாம். வேய்னுக்குப் போன் போடு" என்று எழுந்தான்.

கதவருகே துண்டோடு நின்ற அம்மா சிரித்தாள். "இந்தக் குளிர்ல ஊத்தினா நொறுங்கிடும். மே மாசம் வரணும்."

கலினா தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்க்கோ மறுபடி தண்ணீருக்குள் உட்கார்ந்தான். "அப்ப மே மாசம் நான் வந்துதான் ஆகணும். வேற யார் கையும் அதுல விழக்கூடாது, பாத்துக்க."

"எத்தனை நாள் இருப்ப?"

"காயற வரைக்கும்" என்றான். கொஞ்சம் யோசித்து, "நல்லாக் காயற வரைக்கும்" என்றான்.

கலினா கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்தாள். மே மாதம் வெகு தூரத்தில் இருந்தது. இருந்தாலும், என்றைக்காவது வருவான் என்று காத்திருப்பதற்கும் மே மாதம் வருவான் என்று காத்திருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.