உங்கட மகன்தான் திறம்!

எங்கள் பேஸ்போல் அணியில் சரியாக ஒன்பது பேர். விளையாடுவதற்கும் சரியாக ஒன்பது பேர் வேண்டும். அதனால் எங்களில் ஒருவருக்கும் தடிமன், காய்ச்சல்கூட வரக்கூடாது என்று எங்கள் பயிற்சியாளர் அன்னா சொல்லியிருக்கிறார்.

அணியின் பெயர் ‘காற்றாலைகள்’. எங்கள் டேனிஷ் ஊர் பிராண்டேயில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் காற்றாலை செய்யும் இடங்களில்தான் வேலை செய்கிறார்கள். வேறு பெயர் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் சாரங்கி. எனக்குப் பன்னிரண்டு வயது. மட்டையோடு நிற்பவருக்குப் பின்னால், முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருந்து, பெரிய தோல் கையுறையால் பந்தைப் பிடிப்பது என் வேலை. எறிபவரை எல்லோரும் பார்ப்பார்கள். அடிப்பவரையும் பார்ப்பார்கள். குந்தியிருப்பவரை ஒருவரும் பார்ப்பதில்லை. முழங்கால் மட்டும் நோகும்.

எங்களிடம் பந்து எறிய இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் என் தம்பி லவன். பத்து வயது. அவன் எறியும் பந்து மிக வேகமாக வரும். எங்கே வரும் என்பது அவனுக்கும் தெரியாது. போன கிழமை ஒரு பந்து அன்னாவின் கோப்பிக் கோப்பைக்குள் போய் விழுந்தது.

மற்றவன் லவனின் வகுப்பில் படிக்கும் டிலக்சன். அவனுடைய பந்து ஆறுதலாக, மெதுவாகத்தான் வரும். ஆனால் நான் கையுறையை எங்கே பிடிக்கிறேனோ, அங்கேயே வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பன்ஹேகனிலிருந்து ஓர் அணி எங்களோடு விளையாட வருகிறது. இவர்களில் யார் முதலில் எறிவது? அன்னா இன்னும் சொல்லவில்லை. ஆனால் கம்பி வேலிக்குப் பின்னால் இரண்டு பேர் அதைப் பற்றியே ஓயாமல் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் என் அப்பா பாலேந்திரா. மற்றவர் டிலக்சனின் அப்பா பாக்கியராசா மாமா. எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தேநீர்ப் போத்தலோடு அங்கேயே நின்றுவிடுவார்கள். இருவருக்கும் கிரிக்கெட் தெரியும். பேஸ்போல் தெரியாது. அது அவர்களுக்கு ஒரு தடையாகவே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலும் விவாதம் சூடாக நடந்தது.

“அண்ணை, டிலக்சனுக்குத்தான் எதிர்காலம் இருக்கு. என்ரை லவன் சரிவரான்” என்றார் அப்பா.

“விசர்க் கதை கதைக்காதீங்க தம்பி. லவன்ட வேகத்தைப் பாருங்க! என்ட மகன்ட பந்து வந்து சேருறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிச்சிரலாம்.”

“வேகம் இருந்து என்ன? இவன் இங்கை எறிஞ்சா பந்து பக்கத்து ஊர் கிரின்ஸ்டெட்டுக்கெல்லோ போகுது!”

“டிலக்சன் பயந்தாங்கொள்ளி, தம்பி. ஆக்களைக் கண்டாலே கை நடுங்கும்.”

“லவனுக்கு மூளையே இல்லை, அண்ணை. உங்கட மகன்தான் திறம்.”

“இல்ல, உங்கட மகன்தான் திறம்!”

பக்கத்தில் நின்ற டேனிஷ் அப்பா ஒருவர், தன் மகன் பந்தைத் தவறவிட்டதற்கே கைதட்டி ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்ததும் டிலக்சன் தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, சாரங்கியக்கா” என்று டேனிஷில் சொன்னான். “என் அப்பாவே நான் சரிவரமாட்டேன் என்கிறார்.”

“நானும் வரவில்லை” என்றான் லவன். “எனக்கு மூளை இல்லையாம்.”

ஒன்பதில் இரண்டு போனால் ஏழு. கோப்பன்ஹேகன்காரர் இவ்வளவு தூரம் வந்து யாரோடு விளையாடுவார்கள்?

அன்று மாலை அப்பா குசினிக்குள் நின்று லண்டனிலுள்ள யோகம்மா மாமியுடன் கதைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

“என்ரை பெடியன் எறிஞ்சா பந்து கண்ணுக்கே தெரியாது, அக்கா! வீடியோ அனுப்பினனான், பார்த்தனீங்களோ?”

தண்ணீர் எனக்குப் புரையேறியது. அப்பா போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

“அப்பா, பிறகேன் வேலிக்குப் பின்னாலை நிண்டு லவன் சரிவரான் எண்டு சொல்லுறீங்கள்?”

அப்பா என்னை அதிசயமாகப் பார்த்தார். “சொந்தப் பிள்ளையை நாலு பேருக்கு முன்னாலை புகழுறதே? ஆக்கள் என்ன நினைப்பினம்? கண்ணூறும் பட்டிடும்.”

“அப்ப பாக்கியராசா மாமா?”

“அவரும் அப்பிடித்தான். மரியாதை தெரிஞ்ச மனுசன்.”

“இது லவனுக்குத் தெரியுமோ?”

“இதென்ன கேள்வி? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

எல்லோருக்குமா? பிராண்டேயில் பிறந்த எனக்கு அப்போதுதான் தெரியவந்தது!

லவன் அணியை விட்டுப் போகிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், “நான் அவனோடை கதைக்கிறன்” என்பார் அப்பா. அவர் கதைக்கத் தொடங்கினால் இரண்டு மணித்தியாலம் போகும். லவன் நித்திரையாகிவிடுவான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நேரே லவனின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டான்.

“மாமிக்குச் சொல்லி என்ன?” என்றான். “எனக்கு முன்னால் சொல்லட்டும்.”

அதுவும் நியாயம்தான். நான் யோசித்தேன். போட்டிக்கு முதல்நாள் பெற்றோரையும் விளையாட வைப்பது அன்னாவின் வழக்கம். அதிலிருந்து ஒருவரும் தப்ப முடியாது. எனக்கு ஒரு வழி தெரிந்தது. டிலக்சனுக்குப் போன் செய்தேன்.

சனிக்கிழமை அப்பா பந்தோடு நின்றார். வீதிவரை பின்னால் போய், அங்கிருந்து ஓடி வந்து, கையை மடக்காமல் கிரிக்கெட் பந்து போடுவதுபோல் போட்டார். பந்து புல்லில் குத்தி எழும்பி என் முகமூடியில் பட்டது.

“பாலேந்திரா, இது பேஸ்போல்” என்றார் அன்னா.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. லவனும் டிலக்சனும் ஆளுக்கொரு கோப்பை தேநீரோடு நின்றார்கள். வழக்கமாக டேனிஷில் கதைப்பவர்கள் இன்று தமிழில் கதைத்தார்கள்.

“அண்ணை, உங்கட அப்பாக்குத்தான் எதிர்காலம் இருக்கு” என்றான் லவன். “என்ரை அப்பா சரிவரார்.”

“விசர்க் கதை கதைக்காதீங்க தம்பி” என்றான் டிலக்சன். “உங்கட அப்பாட வேகத்தைப் பாருங்க! என்ட அப்பா ஓடி வாறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிச்சிரலாம்.”

“என்ரை அப்பாக்கு நாற்பத்தாறு வயது. இனி வளர மாட்டார்.”

“என்ட அப்பா வளருறார். ஆனா வயிறு மட்டும்தான்.”

“என்ரை அப்பாக்கு மூளையே இல்லை, அண்ணை.”

அதைச் சொல்லும்போது லவனின் குரல் நடுங்கியது. நாங்கள் போனில் ஒத்திகை பார்த்தபோது அப்படி நடுங்கவில்லை.

ஓடி வந்துகொண்டிருந்த அப்பா பாதியில் நின்றுவிட்டார்.

“டேய், அப்பாவை அப்பிடிச் சொல்லலாமே?”

“நீங்கள் என்னைச் சொன்னீங்கள்தானே” என்றான் லவன்.

நான் முகமூடியைக் கழற்றினேன். “அப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சது எண்டு சொன்னீங்கள். இவைக்குத் தெரியாது. நாளைக்கு ரெண்டு பேரும் விளையாட வரமாட்டினமாம்.”

பாக்கியராசா மாமா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். “மகன், அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுடா!”

“எனக்கு விளங்கேல்ல அப்பா” என்றான் டிலக்சன். “நான் உண்மை எண்டு நினைச்சன்.”

அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. யாராவது தமிழர் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, கசப்பு மருந்து குடிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

“என்ரை மகன் நல்லா எறிவான்.”

சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. அப்பாவுக்குத் துணிவு வந்துவிட்டது. போனை எடுத்து வேலிக்கு மேலால் லவனிடம் நீட்டினார். “பார், நாற்பத்திமூண்டு வீடியோ வைச்சிருக்கிறன். எல்லாம் நீதான்!”

பாக்கியராசா மாமா துள்ளி எழும்பினார். “என்னட்ட அறுபத்தொண்டு கிடக்கு!”

லவன் கீழே குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. டிலக்சன் என்னிடம் வந்து தன் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு காலை அன்னா என்னிடம் வந்தார். “இருவரின் பந்தையும் பிடிப்பவள் நீதான். முதலில் யார் எறிய வேண்டும், சாரங்கி?”

இதை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் அவர்தான்.

“முதலில் டிலக்சன். அவனுடைய ஆறுதல் பந்துக்கு அவர்கள் நன்றாகப் பழகட்டும். பிறகு லவனை விடுவோம்” என்றேன்.

அப்படியே நடந்தது. லவன் எறிய வந்தபோது கோப்பன்ஹேகன்காரர் மட்டையை வீசுமுன்பே பந்து என் கையுறைக்குள் இருந்தது. மேலே வந்ததை எழும்பிப் பிடித்தேன். பக்கத்தால் போனதைப் பாய்ந்து பிடித்தேன். அன்னா முன்கூட்டியே கோப்பியைக் காருக்குள் வைத்துவிட்டார்.

ஒரேயொரு ஓட்டத்தால் நாங்கள் வென்றோம்.

“என்ரை மகன்!” என்று அப்பா கத்தினார். “என்ட மகன்!” என்று மாமா கத்தினார். கைதட்டும் டேனிஷ் அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

காருக்கு நடந்து போகும்போது மாமா சொன்னார்: “ஆனா தம்பி, எல்லாரையும் விட உங்கட மகள்தான் திறம். ஒரு பந்து விடேல்ல.”

“சும்மா இருங்கோ அண்ணை, இவள் எங்கை…” என்று அப்பா தொடங்கினார்.

லவன் திரும்பிப் பார்த்தான். டிலக்சனும் பார்த்தான். நானும் நின்று பார்த்தேன்.

அப்பா வாயை மூடினார். என் தோளிலிருந்த பாரமான பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஓம் அண்ணை” என்றார். “திறம்தான்.”