பாதி மைக்

"உங்க மைக்ல பாதியைக் காணோமே..."

மாய்கென் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். என்ன தைரியம்! ஆர்ஹூஸ் நகரில் மைக் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் வரவேற்பறை அது. இருப்பது ஒரே ஒரு வேலை. நேர்காணலுக்கு வந்திருப்பது அவளும், பக்கத்து நாற்காலி நெட்டையனும்தான். அவளைக் கூப்பிட இன்னும் ஐந்தே நிமிடம்...

"அடுத்தவங்க ஸ்க்ரீனை எட்டிப் பாக்குறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா?"

"எங்க ஆல்போர்க்ல தட்டுல இருக்கற ரொட்டியைக்கூட எட்டிப் பாப்போம்," என்றான். "நான் ஆஸ்கெர். அது முன்னாடியும் பின்னாடியும் கேக்குற மைக்தானே? எந்தப் பக்கம் எவ்வளவு கேக்கும்னு வரையுற படத்துல ரெண்டு வட்டம் வந்து எட்டு மாதிரி இருக்கணும். உங்களுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு."

"என்னைப் பதற வச்சு உள்ள அனுப்பலாம்னு பாக்குறீங்களா?"

"நம்பாட்டி போங்க."

சாம்பல் நிறக் கண்கள்... பொய் சொல்லும் கண்களாகத் தெரியவில்லையே! ச்சே, இப்போது கண்ணா முக்கியம்?

திறந்து பார்த்தாள். ஒரே ஒரு வட்டம்தான்! காலையில் ரயிலில் உட்கார்ந்து படம் வரையும் 'ஆர்' கணினி மொழி நிரலைச் சுருக்கி எழுதினாளே, அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறாள். மைக்கின் பின்பக்கத்துக்குக் கணக்கு மைனஸ் தூரம் தருகிறது. மைனஸ் என்றால் கோடு எதிர்ப்பக்கம் போய்விடும். பின்வட்டம் முன்வட்டத்தின் மேலேயே படிந்து காணாமல் போயிருந்தது. மைனஸை நீக்கும் 'ஏபிஎஸ்'ஸைச் சேர்த்தாள். ஓட்டினாள்... அப்பாடா, எட்டு!

நன்றி சொல்ல வாயெடுத்தாள். பாழாய்ப்போன கர்வம் விட்டால்தானே! அதற்குள் கதவு திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே முதலாளியம்மா படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எல்லாரும் இந்த மைனஸ்லதான் சறுக்குவாங்க. நீ சறுக்கலையே!"

தலையாட்டினால் போதும். இரண்டு வருடமாக ஏங்கிய வேலை கைக்கு வந்துவிடும்.

"நானும் சறுக்கினேன்... வெளியில இருக்கறவர்தான் தப்பைச் சுட்டிக் காட்டினார்."

அடுத்து அவன் உள்ளே போனான். அரை மணி நேரம். முதலாளியம்மா அவன் தோளில் கை போட்டபடி வெளியே வந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மழையில் இறங்கி நடந்தாள்.

"மாய்கென்! நில்லுங்க!" கோட்டுகூட இல்லாமல் ஓடிவந்தான். "முதலாளியம்மா எல்லாம் சொன்னாங்க. ஏன் உண்மையைச் சொன்னீங்க? மண்டையை ஆட்டிட்டு வந்திருக்கலாமே!"

"நீங்க மட்டும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே!"

"மூடிட்டுத்தான் இருந்தேன். பத்து நிமிஷம்... அப்புறம் நீங்க அந்தப் படத்தைப் பாத்துத் தனியா சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு உள்ள போய் அவமானப்படக் கூடாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இமையில் மழையா, கண்ணீரா... யாருக்குத் தெரியும்!

"வேலை போச்சேன்னு வயிறு எரியுது, ஆஸ்கெர். உங்க மேல கோபம் கோபமா வரணும்... வரலையே! அதான் பயமா இருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் உங்ககூட பேசினா, போனதே நல்லதுன்னு சொல்லிடுவேன்."

அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைக்கக்கூட இல்லை.

"எனக்குத் திங்கக்கிழமைதான் வேலை ஆரம்பம்," என்றான். "அதுவரைக்கும் பேசுங்க."