அறுந்துகொண்டே இருந்த கம்பி

"டிங்!"

அண்ணனின் அறையிலிருந்து அந்த ஓசை எழுந்ததுமே துருவிக்குச் செய்தி புரிந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரின் மிக மெல்லிய கம்பி மறுபடியும் அறுந்துவிட்டது.

துருவி என்பது அவளுடைய பள்ளிப் பெயரன்று. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் வீட்டார் அவளுக்குச் சூட்டிய பட்டம் அது. அவள் பாதி போட்ட வீட்டுப்பாடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அண்ணன் கட்டிலின் விளிம்பில் தலை குனிந்து அமர்ந்திருந்தான். அவன் மடியில் சிவப்புக் கிட்டார் கிடந்தது. எதிரே நின்றவன் அவனுடைய நண்பன். இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். அவன் பேசுவதும் டிரம்ஸ் அடிப்பது போலவே இருக்கும். ஆகவே அவனை எல்லோரும் இடி என்றே அழைத்தனர்.

"உன் கை கையா, உலக்கையா?" என்று இடி முழங்கினான்.

"மெதுவாத்தான்டா வாசிச்சேன்!"

"அப்புறம் ஏன்டா அறுந்துக்கிட்டே இருக்கு? நாளைக்குப் பள்ளிக்கூட மேடையில, பாட்டு நடுவுல இப்படி ஆச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும்!"

அண்ணன் அறுந்த கம்பியைக் கழற்றத் தொடங்கினான்.

"சாயங்காலம் ஒத்திகைக்கு வா. அப்பவும் அறுந்துச்சுன்னா நாளைக்கு என் தம்பி வாசிக்கட்டும். நீ கீழ உட்கார்ந்து கை தட்டு" என்று கூறிவிட்டு இடி வெளியேறினான்.

அண்ணன் தன் விரல்களை யாரோ ஒருவருடைய விரல்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"என் கைதான் முரடு போலிருக்கு. இன்னும் ஒரே ஒரு கம்பிதான் மிச்சம் இருக்கு. அதையும் மாட்டி அறுக்கறதுக்குப் பதிலா, வரலைன்னு சொல்லிடலாம்."

"அண்ணா, எங்க அறுந்துச்சு?" என்று துருவி கேட்டாள்.

"கிட்டார்லதான். பின்ன அடுப்படியிலயா?"

"கிட்டார்ல எந்த இடத்துலன்னு கேட்டேன்."

அண்ணன் சலிப்போடு அறுந்த துண்டுகளை நீட்டினான். ஒன்று நீளமானது. மற்றொன்று விரலளவே இருந்தது. அதன் நுனியில் கம்பியைக் கிட்டாரில் பிடித்து வைக்கும் சிறு பித்தளைக் குண்டு இருந்தது.

அண்ணனோ எதையும் குப்பையில் போட மனம் வராதவன். துருவி மேசை இழுப்பறையைத் திறந்து, முன்பு அறுந்த துண்டுகளையும் தேடி எடுத்தாள். சிறு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவில் இருந்தன!

"பாரு அண்ணா. உன் கை முரடா இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல அறுந்திருக்கும். இது என்னமோ அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கே!"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கிட்டாரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு கம்பியும் ஓர் இரும்புத் துண்டின் மேல் வளைந்து செல்லும். சிறு துண்டை அங்கே பிடித்துப் பார்த்தான். அறுந்த முனை சரியாக அந்த இரும்பின் மேல் வந்து நின்றது.

"பார்த்தா வழவழன்னுதானே இருக்கு?" என்றான்.

துருவி அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே அம்மா தையல் இயந்திரத்தில் ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் பருத்தி நூல் வேணும். நூல் அறுந்துக்கிட்டே இருந்தப்ப ஊசித்தட்டைத் தேய்ச்சியே, அந்த உப்புத்தாளும் வேணும்."

"உப்புத்தாளா? எதைத் தேய்க்கப் போற, உங்கண்ணன் கையையா?"

"அவன் கை நல்லாத்தான் இருக்கும்மா!"

திரும்பி வந்ததும், துருவி பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி நகர்த்தச் சொன்னாள். அதன் இரும்பின் மேல் நூலை வைத்து இழுத்தாள். நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு மெல்லிய கம்பியின் இரும்பின் மேல் இழுத்தாள். நூல் சட்டென்று சிக்கியது. ஒரு பிசிறும் கிளம்பியது.

"கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்று அண்ணன் வியந்தான்.

"நூலுக்குத் தெரியுது."

அண்ணன் உப்புத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஆனால் உடனே தேய்க்கவில்லை. ஒரு துணியால் கிட்டாரின் நடுப்பகுதியை மூடினான்.

"அதை எதுக்கு மூடற?"

"உள்ள காந்தம் இருக்கு. இரும்புத்தூள் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும்."

அவன் வேகமாகத் தேய்க்கவும் துருவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு, இரு! ரொம்பத் தேய்ச்சா பள்ளம் விழுந்துடும். கொஞ்சம் தேய்ச்சுட்டு நூலை ஓட்டிப் பார்ப்போம்."

தேய்த்தார்கள், நூல் சிக்கியது. மறுபடி தேய்த்தார்கள், லேசாகத் தயங்கியது. இன்னொரு முறை தேய்த்தபின் நூல் தங்குதடையின்றி ஓடியது.

அண்ணன் தூளைத் துடைத்தான். கடைசிக் கம்பியைக் கீழிருந்து கோத்து, இரும்பின் மேல் வளைத்து, தலைப்பகுதியிலுள்ள முறுக்கியில் சுற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முறுக்கினான்.

"டிக்!"

இருவரும் கண்களை இறுக மூடிக்கொண்டனர். துருவிதான் முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அறுந்துபோகலை அண்ணா. சுத்தினது இறுகி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்."

மாலையில் அண்ணன் அவளையும் ஒத்திகைக்கு அழைத்துச் சென்றான். இடியின் வீட்டுக் கார் கொட்டகையில் பாட்டுத் தொடங்கியது. அண்ணன் கம்பிகளைத் தூசு தட்டுவதுபோல் தொட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், கிட்டார் இருக்கா, வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று இடி கத்தினான்.

அண்ணன் துருவியைப் பார்த்தான்.

"எப்பவும் போல வாசி அண்ணா. அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும், நாம மறுபடி பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

அண்ணன் தோள்களைத் தளர்த்தினான். கையை ஓங்கி வீசினான். கொட்டகையின் தகரக் கதவு அதிர்ந்தது. பாட்டு நடுப்பகுதியைத் தாண்டியது, இறுதிக்கு வந்தது. இடி நம்பாமல் அதையே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். அப்போதும் கம்பி அறுந்துபோகவில்லை.

இடி எழுந்து வந்து அந்த இரும்பை விரலால் தடவினான். துருவி நூலின் கதையைச் சொன்னாள்.

அவன் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "அநியாயமா உன் கையைத் திட்டிட்டேன்டா. நாளைக்கு நீதான் வாசிக்கற. சீக்கிரம் வந்துடு, என்ன?"

அது அண்ணனின் காதில் விழவில்லை. அவன் கண்களை மூடி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று அவனுக்குப் பதிலாகத் துருவி கேட்டு வைத்துக்கொண்டாள்.