சிவப்புக் கோட்டும் இருபது நிமிடமும்

“துப்பாக்கி இருக்கு!” என்றுதான் சொன்னாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்...

மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திப் பழகிய தொண்டை. விமான நிலையத்தின் கூரை வரை போய்த் திரும்பியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெட்டியோடு நாலடி பின்வாங்கினார்கள். ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கவுண்டரில் இருந்தவன் மட்டும் அசையவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தான். ஐயோ... என்ன கண்கள்! கண்ணாடிச் சுவரில் வழிந்த மழையின் வெளிச்சம் முழுவதும் அந்தக் கண்களுக்குள் தேங்கி நின்றது. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருப்பாள்.

“எனக்குக் காது நல்லாவே கேக்கும் மேடம். முதல்ல இந்தப் படிவத்தை நிரப்புங்க.”

“சார், இது நிஜத் துப்பாக்கி இல்ல. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்க ‘டுமீல்’னு சுடுவாங்களே, அது. நான் பி.டி. டீச்சர். வெறும் சத்தம் மட்டும்தான் வரும்.”

“எங்க விதிப்படி அதுவும் துப்பாக்கிதான். சத்தம் போடுற எதையும் நாங்க லேசா விடுறதில்ல.”

தன்னைத்தான் சொல்கிறானோ? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சண்டை போட இது நேரமில்லை. நாளைக் காலை எட்டு மணிக்குப் பெரிய போட்டி. பத்து வருஷமாகப் பள்ளி மைதானங்களிலேயே சுட்டுக்கொண்டிருந்தவளை முதல் முறையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த விமானத்தில் துப்பாக்கி ஏறாவிட்டால் அவள் இடத்தில் வேறொருவர் நிற்பார். அதற்கு ஆளும் தயாராக இருக்கிறார்.

அவன் கெட்டிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கி காலியா என்று பார்த்தான். அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தான். பிறகு, தனியாக இருந்த தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

“ஐம்பதுன்னு எழுதியிருக்கீங்க. நாற்பத்தெட்டுதான் இருக்கு.”

“போன வாரம் பள்ளிக்கூடப் போட்டியில சுட்டிருப்பேன்.”

“இருக்கலாம். எதுக்கும் அந்தக் கோட்டுப் பையை ஒரு தடவை பாத்துடுங்களேன்.”

அவள் கையில் மடித்துப் போட்டிருந்தது பந்தயம் தொடங்கி வைப்பவர்கள் அணியும் சிவப்புக் கோட்டு. வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

“நான் என்ன கடத்தல்காரியா? ஐம்பதை அடிச்சுட்டு நாற்பத்தெட்டுன்னு எழுதுறேன். போதுமா?”

“சரி. உள்ள சோதனையில பெட்டி தேறுற வரைக்கும் நீங்க அந்த நாற்காலியிலதான் இருக்கணும். இருபது நிமிஷம். சாவியைப் பத்திரமா வெச்சுக்குங்க, திறக்கணும்னா நீங்கதான் திறக்கணும்.”

நாற்காலி அவனுக்கு நேர் எதிரே இருந்தது. பக்கத்துக் கவுண்டர் பெண் சிரித்தாள். “சட்டப்புத்தகத்துக்கிட்ட மாட்டிக்கிட்டீங்களா? சொந்த அண்ணனையே ஒரு கிலோ கூடன்னு திருப்பி அனுப்பினவர்!”

“புகார்ப் படிவம் இருக்கா?” என்று அவனிடமே கேட்டாள். எடுத்துக் கொடுத்தான், பேனாவும் சேர்த்து.

ஒன்று, பயணியைச் சந்தேகப்படுகிறார். இரண்டு, குத்தலாகப் பேசுகிறார். மூன்று... யோசனையோடு தலையைத் தூக்கினாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று திரும்பிக்கொண்டான். அவள் குனிந்து, மறுபடி நிமிர்ந்தாள்... மறுபடியும் அதே கண்கள்! நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? எல்லாம் கோபம்தான். ‘மூன்று, வேலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவன் நிதானமாகப் படித்தான். “என் பணியாளர் எண்ணை விட்டுட்டீங்களே. நாலு ஒண்ணு ஏழு.”

திமிரைப் பார்! திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏ.சி. குளிர் தாங்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒன்று... இரண்டு.

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. இதோடு மட்டும் பாதுகாப்புச் சோதனைக்குள் போயிருந்தால்? யாரும் பார்க்கவில்லை. நாலடி தூரத்தில் குப்பைத் தொட்டி இருந்தது. போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால், துப்பாக்கி வெடிக்கக் கண் இமைக்கும் நேரம் முன்னால் ஓடினார்கள் என்று எத்தனை பிள்ளைகளை அழ அழ வெளியே அனுப்பியிருக்கிறாள்! எழுந்து போய் இரண்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

“மன்னிச்சிடுங்க... நீங்க சொன்னதுதான் சரி.”

அவன் திட்டவில்லை. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். “பயப்படாதீங்க. அந்தப் பக்கம் அவங்க கண்டுபிடிச்சிருந்தா வழக்கு. இந்தப் பக்கம் நீங்களே எடுத்துக் குடுத்தா வெறும் ரெண்டு தோட்டா, அவ்வளவுதான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா... அப்படியானால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது இந்தப் பையைத்தானா? அவ்வளவு நிம்மதிக்கு நடுவிலும் ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பெட்டியைத் திரும்ப வரவழைத்தார்கள். அவள் திறந்தாள், இரண்டும் உள்ளே போயின. படிவம் திருத்தி, பூட்டி, பெட்டி மறுபடி சோதனைக்குப் போனது. விமானக் கதவு மூட அரை மணி நேரம்தான் இருந்தது.

“நீங்க பாதுகாப்பு வரிசைக்கிட்ட போய் நில்லுங்க. தேறினதும் நானே வந்து சொல்றேன்.”

“நாற்காலியிலதானே இருக்கணும்?”

“கூப்பிட்டா சாவியோட வர்ற தூரத்துல இருக்கணும்னுதான் விதி. நாற்காலி... சும்மா நான் சொன்னது.”

அவள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முன்னால் விட்டுக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம், பத்து நிமிஷம்... அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் ஓடி வந்தான். முட்டியைத் தூக்கவில்லை, கையை வீசவில்லை, கழுத்துப் பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. ஓட்டம் என்றால் படுமோசமான ஓட்டம். மைதானத்தில் அவள் கையைத் தூக்கிச் சுட்டதும் ஓடிப்போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. துப்பாக்கி என்று கேட்டதும் அண்ணி பார்த்த வரன்கூட அப்படித்தான் ஓடிப்போனது. அவளை நோக்கி ஒருவன் ஓடி வருவதை இன்றுதான் பார்க்கிறாள்.

“தேறிடுச்சு... ஏறிடுச்சு... போங்க, போங்க!” என்று மூச்சிரைத்தான். நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

மறுநாள் எட்டு மணிக்குத் துப்பாக்கி அவள் கையில் இருந்தது. ஒரு பந்தயத்தில்கூடப் பிசகில்லை. மாலையில் அறைக்கு வந்து அப்பாடா என்று காலை நீட்டியபோதுதான் உறைத்தது. ஐயோ, அந்தப் புகார்! கையெழுத்தோடு அவனிடமே இருக்கிறதே...

மூன்றாம் நாள் ஊர் திரும்பினாள். துப்பாக்கிப் பெட்டி மற்ற சாமான்களோடு வராது. தனி அறையில் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். அதை முடித்துவிட்டு ஓடிப்போய்க் கவுண்டரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே, தள்ளுவண்டிகளுக்கு நடுவில், தொளதொளத்த மஞ்சள் மேல்சட்டையோடு அவன் நின்றிருந்தான்.

“நீங்க... இங்க எப்படி?”

“உங்க புகார்தான். பத்து நாளைக்குச் சாமான் அறை.”

“கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல?”

“கையெழுத்துப் போட்ட புகாரைக் கிழிக்கலாமா? தப்பு மேடம்.”

“அட கடவுளே! உங்க மேலதிகாரி எங்க? தோட்டா இருக்குமோன்னு கோட்டைத்தான் பாத்தீங்கன்னு நானே சொல்றேன்.”

“அவரும் அதைத்தான் சொன்னார். ‘கோட்டைத்தான் பாத்தேன்னு எழுதிக் குடு, விட்டுடறேன்’னார்.”

“எழுத வேண்டியதுதானே?”

அவன் பெட்டியின் பூட்டைப் பார்த்தான். காது மடல் மெல்லச் சிவந்தது.

“பொய் எழுத வரலைங்க. கோட்டைப் பாத்தது ரெண்டு நிமிஷம். மீதி நேரம்... புகார்ல சொன்னது உண்மைதான்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

“உங்க மேலதிகாரி ஒண்ணு கேக்க மறந்துட்டார்” என்றாள், கூரை வரை போகும் அந்தத் தொண்டையை அவனுக்கு மட்டும் கேட்கும்படி தாழ்த்தி.

“என்ன?”

“நீங்க என்னையே பாத்தது எனக்கு எப்படித் தெரியும்னு...”

அவன் நிமிர்ந்தான்.

“நானும் உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”