கூப்பாட்டுப் பாறை

எல்லாருடைய குரலும் திரும்பி வந்தது. சிட்டம்மாளுடையது மட்டும் வரவில்லை.

மற்றவர்கள் கூப்பிட்டபோது அந்த மலை ஒரு குறையும் வைக்கவில்லை. கனகா தன் பெரிய மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். எதிர்ச்சரிவிலிருந்து அந்தப் பெயர் ஒன்றைவிட ஒன்று மெலிந்து, மறுபடி மறுபடி வந்தது. களத்து மேஸ்திரி வேதகிரி தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டார், மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. அதையும் மலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிட்டம்மாள் அவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தாள். புளிச்சோற்று மூட்டையை அவிழ்க்க எல்லாரும் மரத்தடிக்குப் போன பிறகு, பாறை நுனிக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டாள்.

கீழே கூட்டாற்றுப் பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது. ஆரஞ்சுத் தோட்டங்கள், துரைகள் காலத்து பங்களாவின் சிவப்பு ஓடு, காலையில் எல்லாரும் புடவையோடு நின்று குளித்த அருவி, எல்லாமே அங்கிருந்து கைக்கடக்கமாய்த் தெரிந்தன. பெயர் அதற்குள் போனது. அவள் காத்திருந்தாள். அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் கொஞ்ச நேரம் கேட்காத மாதிரி இருந்தது.

பாறையைக் காட்டக் கூட வந்திருந்த காட்டிலாகாக் காவல்காரர் அதுவரை பீடியும் சிரிப்புமாக இருந்தவர். பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"யாரு பேரும்மா அது?"

"எங்க வூட்டுக்காரரு."

"இங்க ரோட்டு வேலைக்கு வந்தவரா?"

அவள் தலையாட்டினாள். அவர் அவள் கழுத்தைப் பார்த்தார், மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்தார். "மழ வர்றாப்புல கீது. சோத்த லாரியில போயி துன்னுங்க" என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

சிட்டம்மாள் உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் வேலை செய்கிறவள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலேற ஏறக் காலால் வரி வரியாகக் கிண்டிவிட வேண்டும். பொங்கல் முடிந்ததும் முதலாளி எல்லாரையும் மில் லாரியில் ஏற்றி எங்காவது ஒருநாள் சுற்றிக்காட்டிவிட்டு வருவார். சாக்கை விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். மகாபலிபுரம் போனபோதும் திருத்தணி போனபோதும் சிட்டம்மாள் போகவில்லை. இந்த வருஷம் ஜவ்வாது மலை, கூட்டாறு என்று தெரிந்ததும் விடியுமுன்னே வந்து லாரியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள். கனகா அவளைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது அதிசயம், சீவிச் சிங்காரிச்சிக்கினு!" என்று கேலி பேசினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த மலைக்கு ரோடு போட வெடிவைத்துப் பாறை பிளக்கிற வேலைக்குத்தான் முனிரத்தினம் போனான். அஞ்சாறு வருஷம் ஆயிற்று. கூடப் போன ஆட்கள் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. "எங்கியோ வேற சைட்டுக்குப் பூட்டான்" என்றார் ஒருத்தர். "வெடியில..." என்று ஆரம்பித்த இன்னொருத்தர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டார். பிணம் வரவில்லை, சேதி வரவில்லை. கயிற்றை அறுத்துவிடு என்றார்கள் உறவுக்காரர்கள். எதைப் பார்த்து அறுப்பது? அவர் இருக்கிறாரா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும், எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு காரியம். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஓட்டு எழுத வந்தவர் புருஷன் பேர் கேட்டால் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பார்கள், அவள் சொல்லுவாள். எல்லாருக்கும் அது பழக்கம். சிட்டம்மாளுக்கு அது காவல். தான் சொல்லாத வரைக்கும் அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். தினமும் சட்டியில் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்தாள். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த அவருடைய பாயைத் தொடாமல் அதைச் சுற்றி மட்டும் சாணி மெழுகினாள்.

அப்படிக் கட்டிவைத்த வாயைத்தான் அந்தப் பாறையில் அவிழ்த்துவிட்டாள். இங்கேதான் எங்கேயாவது இருப்பார், ஊரான் ஊரான் பிள்ளை பேருக்கெல்லாம் பதில் சொல்கிற மலை இவருக்கும் சொல்லாதா என்று ஒரு நப்பாசை. பாவி மலை சொல்லவில்லை.

திரும்பும்போது போளூர் தாண்டி, டிரைவர் ஏசுதாஸ் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆடிய களைப்பில் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். ஆரஞ்சுத் தோல் வாசனையும் ஈரப்புடவை வாசனையுமாக இருந்தது. சிட்டம்மாள் மட்டும் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, நீலமாய்த் தெரிந்த மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கேட்டது. வெகு தூரத்தில், வந்த ரோட்டில், ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள்.

கனகா கண்ணைத் திறக்காமலே, "ஏண்டி கத்தற?" என்றாள்.

"நான் ஒண்ணும் கத்தலியே."

"ஒன் கொரலு மாரி இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு கனகா திரும்பித் தூங்கிப்போனாள். சிட்டம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெயரை அவள் வாழ்நாளில் ஒரே தரம்தான் சொல்லியிருக்கிறாள். எந்த இடத்தில் இழுத்து, எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்பதுகூட அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

மறுநாள் களத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மலைத்தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் கனகா, மிளகு மென்று விழுங்கச் சொன்னாள். மிளகுக்கு அது கேட்கவில்லை. அடுத்த நாள் இன்னும் கம்மியது. வலி இல்லை, இருமல் இல்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

அந்த வாரத்தில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஏசுதாஸ், வண்டியை விட்டு இறங்கியதும் நேராகக் களத்துக்கு வந்தார்.

"இன்னாம்மா சிட்டம்மா, நேத்து வந்தவாசி பக்கம் வந்திருந்தியா?"

அவள் இல்லையென்று கையை ஆட்டினாள்.

"ரோட்டோரமா யாரோ பொம்பள கூப்ட்டுக்கினே நடந்தா. ஆளு தெரியல. ஒன் கொரலேதான், சத்தியமா. வண்டிய நிறுத்தி ஏத்திக்கலாம்னு எறங்கிப் பாத்தா ஒருத்தரையும் காணோம்." தலையைச் சொறிந்தார். "முனிரத்தினம் முனிரத்தினம்னா. ஒன் வூட்டுக்காரர் பேருதானே அது?"

கிண்டிக்கொண்டிருந்த கால் நின்றுபோனது. நெல் சுட்டது. அவள் நகரவில்லை.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என் குரல் அவரைத் தேடிக்கொண்டு வருகிறது, வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறது, எங்கேயாவது அவர் காதில் விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு பிடி சோறு மிச்சம் வைத்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஏசுதாஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவளிடம் வரவில்லை. மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார், மேஸ்திரி அவள் பக்கம் பார்த்தார். மானாம்பதி என்கிற பேர் மட்டும் காற்றில் வந்தது. மானாம்பதிக்கும் உத்திரமேரூருக்கும் எவ்வளவு தூரம்? மாட்டு வண்டி போய் மதியத்துக்குள் திரும்பிவிடும். கனகாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள் சிட்டம்மாள். காற்றுத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சிம்னி விளக்கின் திரியைக் கொஞ்சம் தூக்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் கனகா பாத்திரம் கழுவுகிற சத்தம், அவள் பிள்ளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற சத்தம். தெருக்கோடியில் நாய்கள் விடாமல் குரைத்தன. ஏரிப்பக்கமிருந்து தவளைச் சத்தமும் சேற்று வாசனையும் கூரை இடுக்கு வழியாக இறங்கின. எல்லாம் நித்தியம் கேட்கிற சத்தம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

தவளைகள் நின்றன.

ஏரிக்கரைமேல் அவள் குரல் கேட்டது. கம்மல் இல்லை. பாறையில் கூப்பிட்டபோது இருந்த அதே முழுக்குரல், அதே இழுப்பு.

"முனிரத்தினோம்..."

நாய்கள் குரைப்பதை விட்டன. குரல் கரையை விட்டு இறங்கியது. தெருமுனைக்கு வந்தது. வேலியோரம். ஒவ்வொரு தரமும் அதே பெயர். அதே மூச்சு. வாசல்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அவள் குரல் கூப்பிட்டது.

சிட்டம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மூலையைப் பார்க்கவில்லை.

மூலையில் பாய் சரசரத்தது.

வெடிமருந்து வாசனை வந்தது. அதன்பின் கல்தூள், மூக்கை அடைக்கிற மாதிரி. யாரோ நெடுநேரம் படுத்திருந்துவிட்டு எழுகிறபோது எலும்பு நெட்டி முறிகிற சத்தம்.

"தோ... வர்றேன் புள்ள."

அவர் குரல். அவள் பின்னாலிருந்து. வீட்டுக்குள்ளிருந்து.

திரும்ப முடியவில்லை. அவர் அவளைக் கடந்து போனார். முழங்கை அவள் தலைமேல் உரசியது, ஈரக்கல் மாதிரி சில்லென்று. அவளை அவர் பார்க்கவில்லை. அவர் கூப்பிட்ட குரலை நோக்கிப் போனார். விளக்கு வெளிச்சம் காலில் விழுந்தது, முதுகில் ஏறியது, தோள்வரைக்கும் ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. வெளிச்சம் விழ அங்கே எதுவும் இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வெளியே இருட்டு.

"இத்தினி வருசமா எங்கய்யா இருந்த?" என்று அழுதது அவள் குரல். அவள் சேர்த்து வைத்திருந்த கேள்வி. அவள் கேட்க வேண்டியது.

"வூட்லதான் படுத்துக்கினு கெடந்தேன். நீ ஒரு தபாகூட கூப்புடலியே."

இங்கேயே. இந்தப் பாயிலேயே. அவள் சுற்றிச் சுற்றி மெழுகிய இடத்திலேயே.

கூப்பிட வாயைத் திறந்தாள். இப்போது ஆயிரம் தரம் சொல்லுவாள், ஊர் கேட்கச் சொல்லுவாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். கனகா.

"யாருடி அது, சிட்டம்மாவா? தொண்ட தெறந்துக்கிச்சா? யாரு கூடப் பேசிக்கினு போற?"

"அவரு வந்துட்டாருடி கனகா! வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்!"

"ஐயோ, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாளே! ஏய், ஆனா ஏரிக்கரையப் பாத்துப் போறியே, ஒன் வூடு இந்தாண்ட கீது!"

அவள் குரல் சிரித்தது. அஞ்சாறு வருஷமாக அவள் சிரிக்காத சிரிப்பு. கரைமேல் ஏறி, மேற்கே, மலைப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. கனகாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பிள்ளைகளிடம் சேதி சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. மெழுகிய தரையில் வெள்ளைக் கல்தூளில் காலடிகள் பதிந்திருந்தன. விரிந்து கிடந்த பாயிலிருந்து வாசல்படி வரைக்கும், எல்லாம் வெளியே போகிற அடிகள். உள்ளே வந்த அடி ஒன்றுகூட இல்லை. சிட்டம்மாள் அவற்றின் நடுவே மண்டியிட்டு, வாயை அகலத் திறந்து, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் கனகா சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது.